செம்பு அழகு, பன்னீர் அசலா?



கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. நம் ஊரில் அது வெள்ளியிலும் பித்தளையிலும் வரும். இத்தாலியில் உள்ள வெனிஸ் நகரத்தார் இதைக் கண்ணாடியில் செய்து, துருக்கிச் சீமைக்கு அனுப்பி வியாபாரம் செய்திருக்கிறார்கள். உருண்ட வயிறு, நீண்டு மெலிந்த கழுத்து, பார்த்தாலே கையில் எடுக்கத் தோன்றும்.

1291இல் தீ விபத்துக்குப் பயந்து, கண்ணாடி உலைகளை எல்லாம் முரானோ தீவுக்கு மாற்றியது வெனிஸ் அரசு. 1569இல் துருக்கியின் தலைமை அமைச்சர் சோகொல்லு மெஹ்மத் பாஷாவுக்காக, மாதிரிப் படத்துடன் 900 மசூதி விளக்குகளுக்கு ஆர்டர் வந்தது. கேட்ட சரக்கு கேட்டபடி வரும் என்ற நம்பிக்கை இல்லாமல் இவ்வளவு பெரிய ஆர்டர் கடல் தாண்டி வருமா?

அந்தப் பெயரே பிற்காலத்தில் போலிக்கு உதவியது. வேறெங்கோ செய்த மலிவுக் கண்ணாடியை முரானோ என்று சொல்லி, வெனிஸ் கடைவீதியிலேயே விற்றார்கள். 1994இல் அம்மாநில அரசு சட்டம் போட்டு, தீவில் செய்த சரக்குக்குத் தனி முத்திரை தர வேண்டியதாயிற்று.

செம்பின் கதை இது. நாம் விற்கும் பன்னீரின் கதை என்ன? சில ஆண்டுகளுக்கு முன் விலை மலிவு என்று எசென்ஸ் கலந்த தண்ணீரைப் பெட்டி பெட்டியாகக் கொள்முதல் செய்தேன். "பன்னீர்" என்றே பில் போட்டுச் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பினேன். ஒரு கல்யாண வீட்டார் கடைக்காரரிடம் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அவர் பாட்டிலோடு என் கடை வாசலில் வந்து நின்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இருபது வருடப் பழக்கம். அதன்பின் அவர் என்னிடம் சரக்கு எடுக்கவே இல்லை. தப்பு என்னுடையது, தலைகுனிவு அவருக்கு.

எசென்ஸ் பன்னீர் விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. வாசலில் தெளிக்க அது போதும் என்பவர்கள் வாங்கட்டும். ஆனால் ரோஜாப் பூவில் வடித்தது வேறு, எசென்ஸ் வேறு என்று பில்லிலும் எழுத வேண்டும். வாயாலும் சொல்ல வேண்டும். லேபிள் இல்லாத பாட்டிலை மொத்த வியாபாரி கொடுத்தால், என்னைப் போன்றவனே ஆனாலும், சில்லறை வியாபாரிகள் திருப்பி அனுப்ப வேண்டும்.

முரானோவுக்கு முத்திரை தர ஓர் அரசாங்கம் வந்தது. நம் கடைக்கு நம் வாய்ச்சொல்தான் முத்திரை. சங்க உறுப்பினர்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.