மாவு சிந்தட்டும்... பிள்ளை சமைக்கட்டும்!

சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருப்போம். மூன்று வயதுக் குழந்தை ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்கும். "அம்மா, நானும்!" என்று கையை நீட்டும். "வேணாம்டா தங்கம், எல்லாத்தையும் கொட்டிடுவ. போய் டி.வி பாரு" என்று அனுப்பிவைப்போம். பத்து வருடம் கழித்து அதே பிள்ளையைப் பார்த்து, "ஒரு டம்ளர் தண்ணிகூட எடுத்துக் குடிக்கத் தெரியல. எல்லாத்துக்கும் அம்மாவைத்தான் கூப்பிடணும்" என்று அலுத்துக்கொள்வோம்.

இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. சமையலில் ஆர்வம் பொங்கும் வயதில் பிள்ளைக்குத் திறமை இருப்பதில்லை. திறமை வரும் வயதில் ஆர்வம் போய்விடுகிறது. நடுவில் இருக்கும் நான்கைந்து வருடங்களை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றிப் பேசலாம்.

சொப்பு வேண்டாம், நிஜப் பாத்திரம் கொடுங்கள்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சமையல் புதிதல்ல. மரச் சொப்பு வைத்து மண்சோறு ஆக்கி விளையாடாத பிள்ளை உண்டா? கொஞ்சம் வளர்ந்ததும் கூட்டாஞ்சோறு. ஒருத்தி வீட்டிலிருந்து அரிசி, இன்னொருத்தன் வீட்டிலிருந்து பருப்பு, யாரோ ஒருவர் தோட்டத்திலிருந்து கத்தரிக்காய். மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி நிஜமாகவே பொங்கிச் சாப்பிட்டார்கள். அந்தச் சோறு குழைந்திருக்கும், அடிப்பிடித்திருக்கும். ஆனாலும் ஒரு பருக்கை மிஞ்சாது.

கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப்போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அதில் சில காலம் கொடைக்கானலிலும் இருந்தார். அவருடைய முறையில் குழந்தை முதலில் கற்பது எழுத்தல்ல. ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தண்ணீர் ஊற்றுவது, தானியத்தைக் கரண்டியால் அள்ளுவது, பட்டன் போடுவது, துடைப்பது போன்ற அன்றாட வேலைகள்தான். பொம்மைச் சாமான் அல்ல, சின்னக் கைக்கு ஏற்ற அளவில் நிஜமான பொருட்கள். குழந்தைக்கு வேண்டியது விளையாட்டுச் சமையல் அல்ல, பெரியவர்கள் செய்யும் அதே வேலைதான் என்பதை அவர் கவனித்திருந்தார்.

எனவே, முதல் விதி இதுதான். பிள்ளை செய்யும் வேலை அன்றைய சாப்பாட்டுக்கு நிஜமாகவே தேவைப்பட வேண்டும்.

ஒரு வேலை, முழு வேலை

"இங்க வா, இதைக் கொஞ்சம் கிண்டு... சரி சரி, போதும், கொடு" என்று நாம் தரும் வேலை பிள்ளைக்குச் சலிப்பைத்தான் தரும். சின்ன வேலையாக இருக்கட்டும், ஆனால் முழுதாகக் கொடுங்கள். 'நம்ம வீட்டு ரசத்துக்குக் கறிவேப்பிலை உருவி, கொத்தமல்லி கிள்ளிப் போடுறது இவன் பொறுப்பு' என்றால் அது தினமும் அவன் பொறுப்புதான். அவன் மறந்தால் அன்றைக்குக் கொத்தமல்லி இல்லாத ரசம். திட்ட வேண்டியதே இல்லை, ரசமே சொல்லிவிடும்.

இன்னொன்று, பிள்ளை செய்ததை அதன் கண்ணெதிரே திருத்தாதீர்கள். மகள் தேய்த்த சப்பாத்தி ஆஸ்திரேலியா வரைபடம் போல இருந்தால், அப்படியே கல்லில் போடுங்கள். அதை வாங்கி மறுபடி உருட்டி வட்டமாகத் தேய்த்தால், 'உன் வேலை கணக்கில் வராது' என்று சொன்னதாக ஆகிவிடும். வட்டம் தானாக வரும், கொஞ்சம் நாளாகும்.

பாராட்டும்போதும் "சூப்பர் செஃப்!" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். "இன்னிக்கு மோர்ல உப்பு சரியா இருக்கு. நீதானே போட்ட?" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். எது சரியாக வந்தது என்று பிள்ளைக்குப் புரியும். முக்கியமாக, அந்த நேரத்தில் வீடியோ எடுக்காதீர்கள். கேமராவைப் பார்த்ததும் சமையல் போய் நடிப்பு வந்துவிடும்.

எந்த வயதில் என்ன?

வயது ஒரு குத்துமதிப்புதான். உங்கள் பிள்ளையின் கை, பொறுமை இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

2 – 3 வயது: காய்கறிகளைத் தண்ணீரில் அலசுவது, கறிவேப்பிலை உருவுவது, கீரையைக் கிள்ளுவது, வாழைப்பழம் மசிப்பது. பட்டாணி, வேர்க்கடலை உரிக்கும் வேலையை இந்த வயதில் தவிருங்கள். வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும்.

4 – 5 வயது: ஆறிய உருளைக்கிழங்கைத் தோலுரித்து மசிப்பது, எலுமிச்சை பிழிவது, மத்தால் மோர் கடைவது, சப்பாத்தி மாவை உருண்டை பிடிப்பது, பிடி கொழுக்கட்டை பிடிப்பது. அரிசியை டம்ளரால் அளந்து போடுவதும் இவர்கள் வேலைதான். "எத்தனை டம்ளர் போட்ட? அப்ப தண்ணி எத்தனை?" என்று கேட்டால் கணக்கும் சேர்ந்து வரும்.

6 – 8 வயது: சப்பாத்தி தேய்ப்பது, முட்டை உடைத்து அடிப்பது (பிறகு சோப்பு போட்டுக் கை கழுவணும்), இட்லித் தட்டில் மாவு ஊற்றுவது, கூர்மை குறைந்த கத்தியால் வாழைப்பழம், பனீர், வெள்ளரி வெட்டுவது. சின்ன வெங்காயம் உரிப்பதையும் தரலாம். கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தால் தோல் எளிதாக வரும்.

9 – 12 வயது: நீங்கள் பக்கத்தில் நிற்க, தோசை ஊற்றலாம், ஆம்லெட் போடலாம், காய் நறுக்கலாம், சுண்டல் தாளிக்கலாம். கடுகு வெடிக்கும்போது ஒரு தட்டால் மூடச் சொல்லிக்கொடுங்கள். குக்கரும் எண்ணெய்ச் சட்டியும் இப்போதும் உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும்.

முதல் சமையல்... அடுப்பே வேண்டாம்!

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு இனிப்பு அவல் நல்ல தொடக்கம். ஒரு கப் மெல்லிய அவலை வடிதட்டில் போட்டுத் தண்ணீரில் அலசி, ஐந்து நிமிடம் வைத்தால் மெத்தென்று ஆகிவிடும். அரை கப் பொடித்த வெல்லம், கால் கப் தேங்காய்த் துருவல், ஒரு சிட்டிகை ஏலக்காய்த் தூள், நறுக்கிய ஒரு வாழைப்பழம். எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் பிசிறினால் முடிந்தது. அலசுவது, அளப்பது, வாழைப்பழம் நறுக்குவது, கலப்பது என முழுச் சமையலையும் ஆறு வயதுப் பிள்ளை தானே செய்துவிடலாம். தேங்காய் துருவுவது மட்டும் உங்கள் வேலை. கிண்ணத்தில் போட்டு எல்லோருக்கும் பரிமாறுவதையும் பிள்ளையிடமே விடுங்கள்.

காய் சாப்பிடாத பிள்ளை

"எங்க வீட்ல காய்னாலே ஓடறா" என்பது பலருடைய கவலை. ஸ்விட்சர்லாந்தில் நடந்து 2014-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. 6 முதல் 10 வயதுக்குட்பட்ட 47 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுப் பிள்ளைகள் பெற்றோருடன் சேர்ந்து மதிய உணவு தயாரித்தார்கள். இன்னொரு குழுவில் பெற்றோர் மட்டுமே சமைத்தார்கள். சேர்ந்து சமைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட 76 சதவிகிதம் அதிகமாக சாலட் சாப்பிட்டார்கள்.

ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்து நடந்த ஆய்வுதான். அதனால், ஒரு நாள் கேரட் துருவியதும் மறுநாளே பிள்ளை பாகற்காய் கேட்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் தட்டில் முதன்முதலாகப் பார்க்கும் காய்க்கும், கையால் கழுவி, முகர்ந்து, உடைத்துப் பார்த்த காய்க்கும் வித்தியாசம் உண்டு. பீன்ஸைப் படக்கென்று உடைக்கும்போது ஒரு துண்டு வாய்க்குள் போகும். ஊட்டிவிடும்போது துப்பிய அதே பீன்ஸ்தான்!

"ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு அடுப்படி?"

இந்தக் கேள்வியை இன்னும் பல வீடுகளில் கேட்கலாம். பெண் குழந்தை என்றால், "கத்துக்கோ, போற இடத்துல நம்ம மானத்தை வாங்காத" என்ற பேச்சு. இரண்டுமே பிள்ளைகளைச் சமையலிலிருந்து விரட்டும். ஒருவனுக்கு அது தன் வேலை இல்லை என்றாகிறது, இன்னொருத்திக்கு அது பயிற்சி என்ற பெயரில் வரும் தண்டனையாகிறது.

2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100-க்கு 81 பேர் அன்றாடம் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தார்கள். ஆண்களில் 26 பேர்தான். அப்படிச் செய்பவர்களிலும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்கள், ஆண்கள் 97 நிமிடங்கள். கல்யாண வீட்டில் நூற்றுக்கணக்கான பேருக்கு இலை போட்டுச் சமைப்பதும், பிரியாணிக்கு தம் போடுவதும் பெரும்பாலும் ஆண்கள்தான். ஆக, ஆணுக்கு அடுப்பு ஆகாததல்ல. வீட்டு அடுப்புதான் ஆகாமல் இருக்கிறது.

இதை மாற்ற அறிவுரை உதவாது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வெங்காயம் நறுக்குவதையும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவதையும் மகன் பார்த்தால் போதும். மகனும் மகளும் இருக்கும் வீட்டில், வேலைகளை வாரம் ஒரு முறை மாற்றிக்கொடுங்கள். கழுவித் துடைப்பதும் சமையலின் பகுதிதான், அது மகளுக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது.

பயம் நியாயம்தான்

சூடு, கத்தி, மிக்ஸி என்று சமையலறையில் ஆபத்துகள் உண்டு. வீட்டுக்கு நான்கு விதிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

* பெரியவர் இல்லாமல் அடுப்பைத் தொடக் கூடாது. நீங்களும் போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.
* பாத்திரங்களின் கைப்பிடி அடுப்பின் உள்பக்கம் பார்த்து இருக்கணும்.
* ஈரக் கையால் மிக்ஸியையும் ஸ்விட்சையும் தொடக் கூடாது.
* பச்சை மிளகாய் தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது. சிறு பிள்ளைகளிடம் மிளகாயே தராமல் இருப்பது நல்லது.

ஒருவேளை சுட்டுவிட்டால், உடனே அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்டுங்கள். டூத் பேஸ்ட், பேனா மை, தோசை மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலும், முகம், கை போன்ற இடங்களில் சுட்டிருந்தாலும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

நேரம் எங்கே இருக்கு?

உண்மையைச் சொல்லிவிடலாம். பிள்ளை சமையலறைக்கு வந்தால் ஆரம்பத்தில் உங்கள் வேலை குறையாது, கூடும். அரை மணி நேரத்தில் முடியும் சமையல் ஒரு மணி நேரமாகும். தரையெல்லாம் மாவாகும். அதனால் பள்ளிக்கு ஓடும் காலை வேளையில் இதை முயலாதீர்கள். அவசரத்தில் கத்துவோம், பிள்ளை பயந்து ஒதுங்கும். சனி அல்லது ஞாயிறு மாலையில் அரை மணி நேரம் போதும். நீங்கள் களைத்துப்போன நாளில் விட்டுவிடலாம். அப்பாவோ, தாத்தா பாட்டியோ அந்த அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் சரி. கீரை ஆய்ந்துகொண்டே பாட்டியும் பேத்தியும் பேசும் பேச்சு வேறு எந்த நேரத்திலும் வராது.

எல்லாப் பிள்ளையும் சமையல் கலைஞராக வேண்டியதில்லை. நாளைக்கு வேறு ஊரில் படிக்கவோ, வேலைக்கோ போய்த் தனியாக இருக்கும்போது, பசித்தால் ஒரு சாதம், ஒரு ரசம், ஒரு முட்டை சமைத்துச் சாப்பிடத் தெரிந்தால் போதும். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால், கஞ்சி வைத்துக்கொடுக்கத் தெரிந்தால் போதும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பிள்ளையிடம் முழுதாகக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கொஞ்சம் கஷ்டம்... பழகிவிடும்!