ஓய்வறைக்கு ஒரு கோப்பி மெஷின்: விலையைப் பார்க்க முதல் தண்டை ஆட்டிப் பாருங்கள்



எங்கள் பாடசாலை ஆசிரியர் ஓய்வறைக்குக் கையால் சுற்றிக் கோப்பி அரைக்கும் மெஷின் ஒன்று வாங்க ஆளுக்கு 1500 ரூபா சேர்க்கிறோம் என்ற கதை எப்படியோ ஊருக்குள் போய்விட்டது. "சம்பளம் போதாது என்று செல்றவங்களுக்கு இதெல்லாம் தேவையா சேர்?" என்று ஒரு பெற்றார் நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். 14 பேரின் காசு, மொத்தம் 21,000 ரூபா. பலர் சேர்ந்து போட்ட காசு அமானிதம். அதனால் எதைப் பார்த்து வாங்கப் போகிறோம், எதற்குக் காசு கொடுக்கமாட்டோம் என்பதை வெளிப்படையாகவே எழுதுகிறோம். இதே யோசனையில் இருக்கும் மற்றப் பாடசாலைகளுக்கும் காரியாலயங்களுக்கும் உதவலாம்.

பக்கற் தூள் வாங்கினால் முடிந்தது என்பார்கள். மாவனல்லைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அது கொஞ்சம் வெட்கமான விசயம். 1869இல் வந்த இலைத்துரு நோய் இந்த நாட்டுக் கோப்பித் தோட்டங்களை அழித்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. ஆனாலும் வீட்டு வளவுகளில், மிளகுக் கொடிக்குப் பக்கத்தில், இன்றைக்கும் கோப்பி காய்க்கிறது. எங்களில் நாலு பேரின் வீட்டிலேயே கொட்டை இருக்கிறது. தூளாக வைத்தால் சில நாட்களிலேயே வாசம் போய்விடும், அதுவும் எங்கள் ஊர் ஈரத்தில். வறுத்த கொட்டையாக இறுக்கி மூடி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். மற்றது, தூளுக்குள் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க ஏலாது. கொட்டையில் அந்தச் சந்தேகம் இல்லை.

கரண்டில் ஓடுவது ஏன் வேண்டாம்? ஓய்வறையில் இருக்கிற ஒரேயொரு பிளக்கில் கேத்தலும் போட்டோகொப்பி மெஷினும் ஏற்கனவே சண்டை. அடுத்த அறை தரம் 3 வகுப்பு, இடையில் அரைச் சுவர். மெஷின் போடுகிற சத்தத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்ல முடியாது. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்களையும் நாங்கள் மறக்கவில்லை.

இனி மெஷின். ஒரு ஆசிரியையின் நாநா கட்டாரிலிருந்து அனுப்பிய சின்ன மெஷின் ஒன்று எங்களிடம் இருந்தது. வீட்டில் ஒருவர் காலையில் ஒரு கப்புக்கு அரைத்தால் அது பல வருடம் இருந்திருக்கும். 14 பேருக்கு நாளாந்தம் அரைத்ததில் எட்டு மாதம்தான். போனது அரைக்கும் பல் அல்ல. கைபிடி போய் உட்காரும் இடம்தான். நடுத்தண்டின் தலை ஆறு மூலை. கைபிடியில் இருந்ததோ மெல்லிய தகட்டில் வெட்டிய துளை. சுற்றிச் சுற்றி மூலைகள் தேய்ந்து துளை வட்டமாகிவிட்டது. கைபிடி மட்டும் சுற்றும், பல் அசையாது. மாற்றுக் கைபிடி எங்கேயும் கிடைக்கவில்லை. மற்ற எல்லாப் பாகமும் நல்லாயிருக்க, முழு மெஷினும் அலுமாரிக்கு மேலே போய்ச் சேர்ந்தது.

ஆகவே எங்கள் முதல் நிபந்தனை, கைபிடி பூட்டும் இடம் தடித்த உலோகமாக இருக்க வேண்டும். இரண்டாவது, நடுத்தண்டை மேலும் கீழும் இரண்டு இடத்தில் பெயாரிங் பிடித்திருக்க வேண்டும். மலிவானவற்றில் மேலே மட்டும் ஒரு பிளாஸ்டிக் வளையம் பிடிக்கும், கீழே பல் சும்மா தொங்கும். அப்போது பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் விழும். கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி.

பல் செரமிக்கா, ஸ்டீலா என்பதில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம். செரமிக் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் எங்கள் கொட்டை முற்றத்தில் மண்ணோடு காய்ந்து வருவது. சுளகில் எவ்வளவு புடைத்தாலும் ஒரு குறுணிக் கல் தப்பிவிடும். கல் பட்டால் செரமிக் சில்லாகக் கழரும், அது கோப்பிக்குள்ளேயே போகும். நல்ல ஸ்டீல் பல் வெட்டி அரைப்பதால் வேகமும் கூட. வேகம் இங்கே சின்ன விசயமில்லை. சின்னக் கப்புக்கு 5 கிராம் என்றால் 14 பேருக்கு 70 கிராம். இந்த மெஷின்கள் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 20, 25 கிராம்தான் கொள்ளும். அதாவது மூன்று, நான்கு தடவை. ஸ்டீலில் தடவைக்கு ஒரு நிமிடமளவில் முடியும். எங்கள் பழைய சின்னச் செரமிக் மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது. 20 நிமிட இடைவேளையில் பாதி, சுற்றுவதிலேயே போகும்.

அந்தப் பாதியைச் சுற்றியது யார்? இதைத்தான் எங்கள் கூட்டத்தில் யாரும் முதலில் கேட்கவில்லை. தேத்தண்ணி போடுகிற சிற்றூழியர் தாத்தாதான். அவவுக்கு மணிக்கட்டு வருத்தம். ஆகவே நீளமான கைபிடி வேண்டும், நீளம் கூடக்கூட பலம் குறைவாகப் போதும். உடம்பு ஒரு பெண்ணின் கைக்குள் அடங்கும் பருமனில், வழுக்காமல் இருக்க வேண்டும். அதோடு புது மெஷின் வந்தால் அரைப்பது குடிப்பவர்களின் முறை: நேரசூசியில் பேர் போட்டு, அதிபர் உட்பட. இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் காசு வாங்குவதில்லை என்றும் முடிவெடுத்தோம். ஒரு சேர் முகத்தைச் சுளித்தார், பிறகு பேரைக் கொடுத்தார்.

எதற்குக் காசு கொடுக்கமாட்டோம் என்பதும் முக்கியம். ஜேர்மனியின் கொமாண்டன்ட் போன்றவை அருமையான மெஷின்கள், ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டாது. எஸ்பிரெசோவுக்கு மயிரிழை கணக்கில் தூளைக் கூட்டிக் குறைக்கிற வசதிக்கென்றே சில மெஷின்களில் கூட விலை வைக்கிறார்கள். நாம் ஜாடியில் கொதிதண்ணீர் ஊற்றி ஊறவைத்து வடிப்பவர்கள். நடுத்தரமான தூள் ஒரே சீராக விழுந்தால் போதும். மரப்பெட்டியும் பித்தளைக் கிண்ணமும் வைத்த பழைய மாதிரி பார்க்க அழகு, ஆனால் அழகுக்கு நலன்புரி நிதியிலிருந்து கொடுக்க முடியாது. கண்ணாடிக் குவளை உள்ளதும் வேண்டாம், ஓய்வறை மேசையில் கொப்பிக் கட்டுகளுக்கு நடுவே அது ஒரு தவணை தாங்காது. வாங்கும் இடத்தில் உதிரிப்பாகம் தனியாக விற்கிறார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் எடுப்போம்.

வந்த பிறகு சில கட்டுப்பாடு. மல்லி, சுக்கு, ஏலக்காய் இதில் அரைப்பதில்லை. சுக்கின் நார் பல்லுக்குள் சிக்கும், ஏலத்தின் வாசம் லேசில் போகாது. அவற்றுக்கு உரல் இருக்கிறது. ஸ்டீல் பல்லைத் தண்ணீரில் கழுவுவதில்லை, துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டினால் போதும். கழற்றும்போது நட்டையும் வொஷரையும் எந்த ஒழுங்கில் எடுத்தோம் என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், பாதி மெஷின்கள் திருப்பிப் பூட்டும்போதுதான் கெடுகின்றன. நோன்பு விடுமுறைக்குப் பாடசாலை மூடும்போது மட்டும் முழுதாகக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைக் காய்ந்த துணியால் துடைத்து, கொட்டை ஒன்றும் மிஞ்சாமல் வைக்க வேண்டும். ஒரு மாதம் சும்மா கிடந்தால் அந்தப் பிசுக்கு சிக்கெடுத்து, பெருநாள் கழிந்து வரும் முதல் கோப்பியே காறும். அந்தப் பொறுப்பை விஞ்ஞான ஆசிரியை ஏற்றிருக்கிறார்.