குதிரையைத் தூக்கிப் போனவர்கள் தொட்டியை ஏன் விட்டுப் போனார்கள்?

அய்யனாரின் மண்குதிரை தில்லி கைவினை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவிலும் நிற்கிறது. டிக்கெட் எடுத்தால் யாரும் உள்ளே போகலாம். கிட்டே நின்று போட்டோ பிடிக்கலாம். 'நீ எந்தத் தெரு' என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஆனால் புதுக்கோட்டை மாவட்டம் முத்துக்காடு ஊராட்சி இறையூரில் இருக்கிற அய்யனாரைக் கும்பிட, வேங்கைவயல் சேரிச் சனம் 2022 டிசம்பர் 27 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு மாவட்ட ஆட்சியரே போலீசோடு வந்து கோயிலுக்குள் கூட்டிப் போனார். அப்பவும் ஒரு பெண் சாமி வந்து ஆடி, இந்தச் சனம் உள்ளே வரக்கூடாது என்று சாமி வாக்காகவே சொன்னார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார்.

ஆக, கண்காட்சி அய்யனாருக்குச் சாதி இல்லை. ஊர் அய்யனாருக்கு இருக்கிறது. இரண்டும் மண்ணுதான், இரண்டும் சூளையில் வெந்ததுதான். அப்புறம் அந்தச் சாதி எங்கே போச்சு? குதிரையைப் பெயர்த்துத் தூக்கிப் போனவர்கள் எதை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்? நான் கேட்பது இந்த ஒரு கேள்விதான்.

கலை உலகத்தில் இப்போது 'இன்ஸ்டலேஷன்' என்ற சொல் அதிகம் புழங்குகிறது. நிறுவல் கலை என்கிறார்கள். படத்தைச் சுவரில் மாட்டுவது போல அல்ல இது. ஒரு இடத்தில் பொருட்களை ஒரு கணக்கோடு வைப்பார்கள். பார்க்க வருகிறவர் அதற்குள்ளேயே நடந்து போவார். அவர் உடம்பு எங்கே நிற்கிறது என்பதும் அந்தப் படைப்பில் சேர்த்தி. தொன்மம், ஆசை, நுகர்வு என்ற மூன்று சொல்லும் இந்தக் கலையைப் பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும். 2012 டிசம்பர் 12இல் கொச்சி-முசிறிஸ் பினாலே தொடங்கிய பிறகு நம்ம பக்கத்துப் பிள்ளைகளும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். 'ஒண்ணும் புரியலை' என்கிறார்கள் சிலர். 'மேல்தட்டு வேலை' என்று ஒதுக்குகிறார்கள் சிலர். நான் சொல்வது வேறு. இது நமக்குப் புதுசே இல்லை. பொருளை ஒரு கணக்கோடு வைத்து, உடம்பை ஒரு கணக்கோடு நிறுத்துகிற வேலையை ஊர் நம்ம மேல காலகாலமா செஞ்சுகிட்டுத்தான் இருக்கு.

மாசிமகத்தன்று கீரமங்கலம் பக்கத்துக் குளமங்கலத்துக்குப் போய்ப் பாருங்கள். முப்பது அடிக்கு மேல் உயரமான அய்யனார் குதிரை. அந்த உயரத்துக்கும் காகிதப்பூ மாலை. வேண்டுதலுக்கு ஒரு மாலை என்று விழ விழ, குதிரை மறைந்து கலர்க் காகிதம் மட்டும் தெரியும். பிள்ளை வரம், சிங்கப்பூர் வேலை, வண்டி, வீடு என்று அத்தனை ஆசையும் அங்கே தொங்குகிறது. தொன்மம், ஆசை, கடைச்சரக்கு மூன்றும் ஒரே இடத்தில். எந்தப் பினாலேவும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது.

சரி, புரவி எடுப்புக்கு வருவோம். வேளார் மண் பிசைந்து குதிரை செய்வார். ஊர் தூக்கிக்கொண்டு போகும். பறை அடிக்க நம்மைக் கூப்பிடுவார்கள். பல ஊரில், கோயிலை நெருங்குகிற நேரம் பறை ஒரு இடத்தில் நின்றுவிடும். அங்கே கோடு போட்டிருக்காது, கயிறு கட்டியிருக்காது. ஆனா பச்சைப்பிள்ளைக்குக்கூட அந்த இடம் தெரியும். அந்த நிறுவலில் குதிரையைவிட முக்கியமானது அந்தக் கோடுதான். கைவினை, கிராமியம், பாரம்பரியம் என்று குதிரையைத் தூக்கிப் போகிறவர்கள் அந்தக் கோட்டை மட்டும் கவனமாக ஊரிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அடுத்தது டம்ளர். பீகார்க்காரரான சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களை வைத்தே உலகப் பேர் வாங்கியவர். 2006இல் பாத்திரங்களாகக் குவித்து ஒரு பிரம்மாண்ட மண்டையோடு செய்தார். 'மிகவும் பசித்த கடவுள்' என்று அதற்குப் பேர். பிரான்சு நாட்டுப் பெருமுதலாளி பினோ அதை வாங்கி, வெனிஸ் நகரத்தில் கால்வாய்க் கரையில் இருக்கிற தன் கலைக்கூடத்தின் வாசலில் வைத்தார். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. மண்சட்டியிலிருந்து அலுமினியம், அலுமினியத்திலிருந்து எவர்சில்வர் என்று ஏறி வந்த ஆசை நமக்கும் தெரியும். பேர் வெட்டின குடம் சீர்வரிசையில் வந்தால் அதை அடுப்பங்கரையில் வைக்காமல் அலமாரியில் வைத்து அழகு பார்த்தவர்கள்தான் நம்ம அம்மாக்களும். ஆனால் அந்த மண்டையோட்டில் ஒரு டம்ளர் குறைகிறது. நமக்கென்று டீக்கடையில் தனியாக வைத்திருக்கிற டம்ளர். இறையூர் டீக்கடையிலும் அது இருந்தது. ஆட்சியர் வந்த அதே நாளில் வெளிச்சத்துக்கு வந்தது, கடைக்காரர் கைதானார். குப்தா பசியைப் பார்த்தார், பளபளப்பைப் பார்த்தார். தீட்டைப் பார்க்கவில்லை.

1991க்குப் பிறகு நமக்கு ஒரு புதுக்கதை சொன்னார்கள். சந்தை சாதியை ஒழித்துவிடும், காசுக்குச் சாதி கிடையாது என்று. ஷாம்பு பாக்கெட்டிலும் செல்போனிலும் அது உண்மை மாதிரித்தான் தெரிகிறது. டீக்கடையில் என்ன நடந்தது? சந்தை காகிதக் கப்பைக் கொண்டுவந்து கொடுத்தது. அவங்களுக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குக் காகிதக் கப். கேட்டால் 'சுகாதாரங்க' என்பார் கடைக்காரர். தனி டம்ளரையாவது போட்டு உடைக்கலாம், போட்டோ எடுத்து வழக்குப் போடலாம். கசக்கி எறிஞ்ச கப்பை வச்சு என்ன செய்யிறது? தீண்டாமையின் தடயத்தை நம்ம கையாலேயே குப்பைத்தொட்டியில் போட வைத்ததுதான் நுகர்வுப் பண்பாட்டின் கெட்டிக்காரத்தனம்.

கோட்டையும் சேர்த்துத் தூக்கி வந்த கலைஞர்கள் இல்லாமல் இல்லை. புனேயைச் சேர்ந்த ராஜ்யஸ்ரீ கூடி என்ற தலித் கலைஞர் 2017இல் ஒரு நிறுவல் செய்தார். 'தண்ணீரின் சாதி என்ன' என்று பேர். 108 கண்ணாடி கிளாஸ். உள்ளே காய்ந்த பஞ்சகவ்யம். ஏன் 108? 1927 மார்ச் 20 அன்று மஹாத் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் முன்னால் போக, நம்ம சனம் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தது. தீட்டுப் பட்டுவிட்டது என்று சனாதனிகள் 108 குடம் சாணி, மாட்டு மூத்திரம், பால், தயிர் ஊற்றி, மந்திரம் சொல்லிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். அந்தப் புராணப் புனிதத்தைத்தான் டீக்கடை கிளாசில் ஊற்றி வைத்துவிட்டார் அந்தப் பெண். பார்க்கிறவன் தாகத்தோடு அதன் முன்னால் நிற்க வேண்டும். குதிரை பக்கத்தில் நின்று போட்டோ பிடிக்கிற மாதிரி அங்கே சிரித்துக்கொண்டு நிற்க முடியாது.

இப்போது வேங்கைவயல் தொட்டிக்கு வருவோம். 10,000 லிட்டர் கொள்ளளவு. பிள்ளைகளுக்கு உடம்பு முடியாமல் போய், டாக்டர் தண்ணியைப் பாருங்க என்று சொல்லி, 2022 டிசம்பர் 26 அன்று இளைஞர்கள் ஏறிப் பார்த்தார்கள். குடிக்கிற தண்ணியில் மனுசப் பீ. மஹாத்தில், நாம் குடித்த குளத்தில் சாணியைக் கலந்து அதைப் புனிதம் என்றார்கள். வேங்கைவயலிலோ நமக்கென்று ஒதுக்கின தண்ணியிலேயே மலம். 2023 சனவரியில் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ரத்தம் எடுத்தார்கள், டிஎன்ஏ பார்த்தார்கள். 2025 சனவரியில் அதே சேரி இளைஞர்கள் மூன்று பேர் மேல் குற்றப்பத்திரிகை போட்டார்கள். குடிச்சவன் மேலேயே குற்றமா என்று விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்டுகளும் எதிர்த்தார்கள், சிபிஐ விசாரணை கேட்டார்கள். இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கும் அந்தக் கேள்விதான்.

வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் வராத ஒரு கேள்வி இருக்கிறது. சேரிக்கு என்று தனியாக ஒரு தொட்டியை நிறுவியது யார்? ராத்திரியில் ஏறினவன் இல்லை. பொதுப்பணத்தில், எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டுக் கட்டின தொட்டி அது. ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்று அரசே நிறுவி வைத்த நிறுவல். பார்ப்பனியத்தின் கோட்டுக்கு சிமெண்டும் கம்பியும் கொடுத்தது அரசாங்கம். மலத்தைப் போட்டவன் அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கவில்லை. அதன்மேல் ஏறினான், அவ்வளவுதான்.

'சோத்துக்கும் கேசுக்கும் அலையிற நேரத்துல கலை எதுக்குத் தோழர்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொட்டியை இடிக்கணும் என்ற கோரிக்கை அப்போதே எழுந்தது. நாக்கு கூசுகிற தண்ணியைக் குடி என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே வாழ்கிறவர்கள் முடிவுதான் முடிவு. ஆனால் இடிப்பதோடு விட்டால் அதுவும் இன்னொரு காகிதக் கப்தான். தடயம் போய்விடும், கோடு அப்படியே இருக்கும். பத்து வருசம் கழித்து ஒரு பிள்ளை கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கும்? கலை இங்கே சாட்சி. அலங்காரத்துக்கு நாம் கேட்கவில்லை.

அந்த ஏணி, அந்த மூடி, அந்தக் குழாய், அந்த டீக்கடை டம்ளர் எல்லாம் நம்ம பிள்ளைகள் கைக்கு வரவேண்டும். ஓவியக் கல்லூரிகளில் படிக்கிற தலித் மாணவர்கள் கிரேக்கப் புராணத்தையும் தாமரைப் பூவையும் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு இதைத் தொடட்டும். இடமும் இல்லாமல் இல்லை. சென்னையில் நீலம் ஏப்ரலில் நடத்துகிற வானம் கலைத் திருவிழா இருக்கிறது. அதோடு நிறுத்தவும் வேண்டாம். அய்யனார் குதிரை நிற்கிற ஒவ்வொரு அருங்காட்சியகத்திலும் போய்க் கேட்போம்: குதிரை பக்கத்தில் தொட்டியையும் வை. வாசலில் அந்தக் கோட்டையும் போடு. டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் அந்தக் கோட்டில் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

ஊருக்குக் கேட்பது அதைவிடச் சின்னது. எல்லாருக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய், ஒரே கிளாஸ்.