டூபாக்கின் கோபம் யாருடையது?

என்னிடம் டூபாக் ஷகூர் படம் போட்ட டி-ஷர்ட் ஒன்று இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் நடைபாதைக் கடையில் வாங்கியது. அதை மாட்டிக்கொண்டாலே நானும் ஒரு கலகக்காரன் என்ற நினைப்பு வந்துவிடும். அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணும் ஓர் இயக்கமும் இருந்ததைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

அஃபேனி ஷகூர், டூபாக்கின் தாய். நியூயார்க்கில் கருஞ்சிறுத்தைகள் கட்சியின் களப்பணியாளர். குண்டு வைக்கச் சதி செய்ததாக 1969இல் 21 சிறுத்தைகள் மீது அரசு வழக்குப் போட்டது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல், வயிற்றில் பிள்ளையோடு தனக்காகத் தானே வாதாடினார் அஃபேனி. 1971 மே மாதம் அவரும் உடன் விசாரிக்கப்பட்டவர்களும் விடுதலையானார்கள். ஜூன் 16இல் டூபாக் பிறந்தார். ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகப் பெருவில் கிளர்ந்தெழுந்த இரண்டாம் டூபாக் அமாருவின் பெயர்தான் அந்தப் பிள்ளைக்கு வந்தது.

ஆக, அந்தக் கோபம் தாய்வழிச் சொத்து. ஆனால் அவர் வளர்ந்தபோது அதைத் தாங்க அமைப்பு இல்லை. எஃப்.பி.ஐ.யின் ஊடுருவலும் வழக்குகளும் உட்பூசல்களும் கட்சியைச் சிதைத்துவிட்டன. குடும்பம் வறுமையில் ஊர் ஊராக அலைந்தது. அஃபேனியே சில காலம் கிராக் போதையில் சிக்கினார்.

1991இல் வந்த முதல் இசைத்தொகுப்பில் காவல்துறை வன்முறையையும், 12 வயதில் தாயான ஒரு சிறுமியின் கதையையும் பாடினார் டூபாக். அமெரிக்கத் துணை அதிபர் டான் குவெயிலே அதைக் கண்டித்தார். அதிகாரத்தை உறுத்தும் அளவுக்கு அந்தக் குரலில் உண்மை இருந்தது.

இதையும் மறைக்காமல் பேச வேண்டும். 1993இல் கறுப்பினப் பெண்களுக்கு ஆறுதலாகப் பாடியவர், 1994 டிசம்பரில் ஒரு பெண்ணுக்கு எதிரான பாலியல் குற்ற வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அவர் குற்றச்சாட்டை மறுத்தார் என்பது உண்மை. அவர் நமக்குப் பிடித்தவர் என்பதற்காக அந்தப் பெண்ணின் சாட்சியத்தைத் தள்ளிவிட்டால், நாம் பேசும் பெண் விடுதலைக்கு என்ன பொருள்?

அவர் சிறையில் இருந்தபோதே 1995இல் 'மீ அகெய்ன்ஸ்ட் த வேர்ல்ட்' விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த அக்டோபரில் 14 லட்சம் டாலர் பிணையில் வெளியே வந்தார். கையோடு டெத் ரோ நிறுவனத்தின் ஒப்பந்தமும் வந்தது. அதன் பிறகு கோபத்தின் இலக்கு மாறியது. அரசை நோக்கிய குரல், சக கறுப்பினக் கலைஞர்களோடான கிழக்கு - மேற்குப் பகையில் அதிகம் செலவானது. 1996 செப்டம்பர் 7இல் லாஸ் வேகாஸில் சுடப்பட்டு, 13ஆம் தேதி இறந்தார். வயது 25.

அமைப்பு கைவிட்ட கோபத்தை முதலாளி வாங்கிக்கொள்கிறான். டூபாக் வாழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். சாதிக்கு எதிராக ராப் பாடும், கேட்கும் நம் தலைமுறைக்கும் இது பொருந்தும். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தபோது, அஃபேனியின் கட்சியிடமிருந்து பெயரோடு சேர்த்து, அமைப்பாகத் திரளும் துணிவையும் எடுத்துக்கொண்டார்கள்.

டூபாக்கைக் கேளுங்கள் தோழர்களே, சத்தமாகவே கேளுங்கள். பாட்டு முடிந்ததும் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, உங்கள் பகுதியில் நடக்கும் வாசிப்பு வட்டத்துக்குப் போங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் நான்கு பேர் சேர்ந்து தொடங்குங்கள். அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டே வரலாம்.