பிழை பார்க்கும் பிழைப்பு

ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் அட்டையில் ஆசிரியர் பெயர் இருக்கிறது. உள்ளே புரட்டினால் பிரசுரகர்த்தர் பெயர், அச்சாபீஸின் விலாசம், அட்டைச் சித்திரம் வரைந்தவர் பெயர் யாவும் இருக்கின்றன. ஆனால் ஆசிரியரின் பிரதிக்கும் அச்சு யந்திரத்துக்கும் நடுவே உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தை வரி வரியாகப் பலமுறை படித்த ஒருவர் உண்டு. அவர் பெயரைத் தேடினால் அநேகமாய் அகப்படாது. எந்தப் பிரசுராலயத்திலும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே பிறர் எழுத்தைச் செப்பனிட்டு ஜீவனம் செய்கிறவர் அவர். அத்தகைய நண்பர் ஒருவர் திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறையில் வசிக்கிறார். அவருடைய ஒரு நாளைப் பற்றி இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறார். பிரசுரகர்த்தர்களின் டெலிபோன் ஒன்பது மணிக்கு முன்னால் மணியடிப்பதில்லை என்பதே காரணம். அந்த நேரத்தில் புதிய பிரதியில் பத்துப் பக்கம் வாய்விட்டுப் படிப்பார். கண் மன்னித்த பிழையைக் காது மன்னிக்காது என்பது அவர் கட்சி. கீழ் வீட்டுப் பாட்டி அதைப் பாராயணம் என்று எண்ணி, என்ன ஸ்தோத்திரம் என்று ஒரு நாள் பக்தியோடு விசாரித்தாளாம். அன்று அவர் படித்துக்கொண்டிருந்தது நீரிழிவு வியாதியைப் பற்றிய வைத்திய நூல்!

பிழை பார்ப்பதென்றால் ஒற்றுப் போடுவதும் எடுப்பதுந்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்று முக்கியமே. "வேலை கொடுத்தான்" என்றால் உத்தியோகம் கிடைத்தது. "வேலைக் கொடுத்தான்" என்றால் கையில் ஆயுதம் கிடைத்தது. இது பள்ளிக்கூடத்திலேயே படித்த சங்கதி. கம்ப்யூட்டர் வந்தபின் ஏற்பட்டிருக்கும் பிழைகளோ கண்ணுக்கே புலப்படாதவை. ஔவையாரின் முதலெழுத்து ஒரே எழுத்து. அவசரக்காரர்கள் "ஒ" என்றும் "ள" என்றும் இரண்டெழுத்தைத் தட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு வித்தியாசமில்லை. ஆனால் யந்திரத்தில் தேடினால் ஔவையார் இல்லை. அதியமான் கொடுத்த நெல்லிக்கனியை உண்ட அம்மையாரை ஒரு நொடியில் மறைத்துவிட யந்திரத்தால் முடிகிறது. பழைய புத்தகங்களை யந்திரத்தைக் கொண்டு படித்தெடுப்பதில் வேறு ஒரு தொல்லை. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன்னால் "லை", "னை" முதலிய எழுத்துக்கள் யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் அச்சாகி வந்தன. அந்தக் கொம்பைக் கண்டு மருண்டு, யந்திரம் சில சமயம் மனத்துக்குத் தோன்றியதை எழுதி வைக்கிறது.

இவற்றுக்குப் பிறகு தகவற் பிழைகள். சென்ற மாதம் வந்த ஒரு நாவலின் கதை 1946-இல் நடக்கிறது. கதாநாயகி கால் கிலோ கத்தரிக்காய் வாங்கி, கடைக்காரரிடம் 25 பைசா மிச்சம் பெற்றுக்கொள்கிறாள். ரூபாய்க்கு நூறு பைசா என்ற கணக்கு 1957 ஏப்ரல் முதல் தேதியன்றுதான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. காய்கறிக்கு வீசையும் சேரும் இருந்தன. ஆகவே கதாநாயகிக்கு நண்பர் நாலணாவைக் கொடுத்து, கிலோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதே நாவலில் அவளுடைய தாத்தா 1910-இல் இராமேசுவரத்துக்கு ரயிலிலேயே கடலைக் கடந்து போகிறார். பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1914-இல். தாத்தாவைத் தோணியில் ஏற்றிவிட வேண்டியதாயிற்று.

இவ்வளவும் திருத்துகிற வேலை. திருத்தாமலிருக்கிற வேலை இதைவிடக் கடினம் என்கிறார் நண்பர். கோவில்பட்டிப் பக்கத்து ஆசிரியர் ஒருவரின் கதைத் தொகுதி இப்போது அவர் மேஜைமேல் இருக்கிறது. அதில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை ஊர் ஜனங்கள் "வெஞ்சனம்" என்கிறார்கள். பிரசுராலயத்தில் பிரதியைத் தட்டச்சுச் செய்தவர், இது ஏதோ கொச்சை என்று நினைத்து, எல்லா இடத்திலும் "கறி" என்று மாற்றிவிட்டார். நண்பரின் அலமாரியில் சென்னைச் சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரையில் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட லெக்ஸிகனும், கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியும் அருகருகே இருக்கின்றன. வியஞ்சனம் என்ற வடசொல்தான் கரிசற் காட்டு அடுப்பங்கரையில் வெஞ்சனமாகிப் பல தலைமுறையாகப் பரிமாறப்பட்டு வருகிறது. ஆசிரியரின் மூலப் பிரதியை வரவழைத்து, பத்து இடங்களில் வெஞ்சனத்தைத் திரும்பவும் இலையில் வைத்தார் நண்பர். மூலத்தில் பதினோராவது இடத்தில் மட்டும் "கறி" என்றே இருந்தது. ஆசிரியரே கை தவறி எழுதினாரோ, வேண்டுமென்றே எழுதினாரோ? அங்கே ஒரு கேள்விக்குறி போட்டு, அவருக்குக் கடிதம் எழுதினார்.

ஒரு காலை முழுவதும் இதிலேயே போய்விட்டது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் இந்தக் காலைப்பொழுதை எந்தக் கணக்கில் எழுதுவது? நிதானமாகப் படிக்கிறவருக்கு நஷ்டம். கண்ணை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவருக்கு லாபம். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் வெளியிட்டபோது, ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் நிர்ணயிக்க வருஷக்கணக்கில் உழைத்தார். அவருக்குக் கும்பகோணம் கல்லூரிச் சம்பளம் இருந்தது. முன்கூட்டியே கையொப்பமிட்டு உதவியவர்களும் இருந்தார்கள். மாடி அறை நண்பருக்கு இரண்டும் இல்லை.

சென்னையில் 1977 முதல் நடந்து வரும் புத்தகக் கண்காட்சி பொங்கலை ஒட்டி வருகிறது. ஐப்பசி பிறந்ததும் பிரசுர உலகத்தை ஜுரம் பற்றிக்கொள்கிறது. சென்ற கார்த்திகையில் ஒரு பிரசுரகர்த்தர், காலமாகி அறுபது வருஷத்துக்கு மேலாகி உரிமைக் காலமும் தீர்ந்துபோன ஓர் எழுத்தாளரின் இருபத்துநான்கு கதைகளை அனுப்பி, எட்டே நாளில் முடித்துத் தரக் கேட்டார். ஒரு கதையில், ரயிலடிக்குப் புறப்பட்டவன் அடுத்த வரியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். நண்பருக்குச் சந்தேகம். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போய், கதை முதன்முதலில் வெளியான பத்திரிகையைத் தேடிப் பிடித்தார். நடுவில் இரண்டு பாராக்கள் காணாமற் போயிருந்தன! அவற்றை நகலெடுத்துக் கொடுத்து, மற்ற இருபத்துமூன்றையும் இப்படி ஒப்பிட ஒரு மாதமாவது வேண்டும் என்றார். "வாசகர் யார் ஸார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?" என்று பதில் வந்தது. நண்பர் முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மாதம் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினார் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. தையில் அப்புத்தகம் வெளிவந்தது. இரண்டு பாராக்களும் இருந்தன. முகப்பில் "செம்பதிப்பு" என்றும் போட்டிருந்தது.

பிரசுரகர்த்தர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. சில நூறு பிரதிகள் விற்றாலே பெரிது என்ற நிலையில் அவர்கள் எதைத்தான் செய்வார்கள்? ஆனால் வழியே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், செப்பனிடாத பிரதியை அச்சுக்கு அனுப்புவதில்லை என்று பிடிவாதமாய் இருந்தார். அவருடைய தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் வெளியாயிற்று. மூன்றாம் பதிப்பு வந்த 2020-ஆம் வருஷத்திலேயே அவரும் காலமானார். ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு புத்தகம் வாங்கும் நேயர்கள், இதைச் செப்பனிட்டவர் யார் என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது புத்தகத்தில் பெயர் போடுவார்கள்; பெயர் போட்ட பிறகு கூலியையும் சற்று யோசித்துப் பேசுவார்கள்.

மாலை ஐந்து மணிக்கு மேல் நண்பர் புதிய பக்கம் எதையும் தொடுவதில்லை. களைத்த கண் எல்லாவற்றையும் சரி என்று சொல்லிவிடுமாம். விளக்கேற்றிய பின் ஆசிரியர்களுக்குச் சந்தேகக் கடிதங்கள் எழுதுகிறார். பிறகு, வர வேண்டிய பாக்கிகளுக்கு ஞாபகக் கடிதங்கள். ஆடியில் முடித்துக் கொடுத்த ஒரு புத்தகத்துக்கு இது நாலாவது கடிதம். அதிலும் ஒற்றுப் பிழை இருக்கக்கூடாதென்று இரண்டு முறை படித்துப் பார்க்கிறார்.

நான் போயிருந்த அன்று கரிசற் காட்டு ஆசிரியரிடமிருந்து பதில் வந்திருந்தது. பத்து வெஞ்சனங்களுக்கும் நன்றி கூறிவிட்டு, பதினோராவதைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: "அங்கே பேசுகிறவர் பட்டணத்து மாப்பிள்ளை. அவருக்குக் கறியே போடுங்கள்."