கோடி வியூஸும் ஒரு செல் நம்பரும்

ராயபுரத்திலோ எண்ணூரிலோ பாடத் தெரிந்த பிள்ளை ஒன்று தலையெடுத்தால், எல்லோரும் சொல்லும் யோசனை இப்போது ஒன்றுதான்: ‘கையில போன் இருக்கில்ல, இன்ஸ்டாவுல போடு. ஒண்ணு வைரலாச்சுன்னா செட்டில்.’ வாய்ப்புக்காகக் கோடம்பாக்கத்தில் காத்துக் கிடந்த காலம் போய்விட்டது, கேசட் கம்பெனியின் தயவு தேவையில்லை, சோஷியல் மீடியா எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கிறது என்பது இன்று ஏறக்குறைய பொதுப்புத்தி. ஆன்லைன் மார்க்கெட்டிங் வகுப்பு எடுப்பவர்கள் இதைச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு மைக் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதை நம்புகிறார்கள்.

இதில் பாதி உண்மை. காசிமேட்டில் பாடிய பாட்டை மறுநாளே கோலாலம்பூரில் கேட்க முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. மறுபாதிதான் நிற்கவில்லை. துறைமுகத்தை ஒட்டிய இந்த வடசென்னைப் பகுதியின் பாட்டுகளுக்கும், அவற்றுக்கு நெருக்கமான கலைஞர்களுக்கும் கடந்த சில ஆண்டுகளில் நேர்ந்ததைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: இணையம் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, பாடியவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை அது ஏற்பதில்லை.

‘ஒரு வீடியோ வாழ்க்கையை மாற்றிவிடும்’ என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இதற்குச் சான்றாகப் பலருக்கும் நினைவு வருபவர் ராயபுரத்து இசைவாணி. ஆண்களே பாடிவந்த, இந்தப் பகுதியின் தெருப்பாட்டான கானாவில் பெண் குரலாக ஒலித்தவர். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். அவரை யூடியூப் கண்டெடுத்தது என்று நினைப்பவர்கள் அவர் வந்த வழியைப் பார்க்க வேண்டும். அப்பா, தானே கற்றுக்கொண்டு கீபோர்டு வாசித்தவர். மகள் சின்ன வயதிலேயே அவரோடு மேடை ஏறினார். சினிமாப் பாட்டுக் கச்சேரிகளில் ஆண்டுக்கணக்காகப் பாடிப் பழகிய குரல் அது. 2017-ல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது, 19 பேரில் ஒரே பெண்ணாக உள்ளே வந்தார். 2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. கானாவும் ராப்பும் கலந்து, பறையும் சட்டியும் கிட்டாரும் ஒன்றாக ஒலித்த அந்தக் குழுவின் பாட்டுகள் அதற்குப் பிறகுதான் செல்போன்களில் பரவின. மேடையும் ஒத்திகையும் குழுவும் ஏற்கெனவே இருந்தன. வீடியோ அவற்றைக் காட்டியது, அவ்வளவுதான்.

கானா பாலாவின் கதையும் வேறில்லை. சட்டம் படித்தவர். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் பாடிப் பெயரெடுத்து, மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்று, அதற்குப் பிறகுதான் 2012-ல் ‘அட்டகத்தி’ படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் பாடினார். ரீல்ஸ் என்ற சொல்லே அப்போது கிடையாது.

அடுத்தது பணம். ‘வியூஸ் வந்தா காசு வரும்’ என்று சொல்பவர்கள் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை. யூடியூபில் விளம்பர வருமானம் கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டை வைத்துப் பார்த்தால் 80,000 தடவை முழுசாகக் கேட்டிருக்க வேண்டும். பாதியில் தள்ளிவிட்டுப் போகிறவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை எங்கேயோ போகும். ஷார்ட்ஸ் வரிசையில் ஓடும் நேரம் இந்த 4,000-ல் சேராது. அதற்குத் தனி வாசல்: 90 நாளில் ஒரு கோடி பார்வை. ஸ்பாட்டிஃபையோ 2024 தொடக்கத்திலிருந்து, 12 மாதத்தில் 1,000 தடவை கூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கொடுப்பதில்லை. இன்ஸ்டாகிராமில் நேரடியாக ‘ஒரிஜினல் ஆடியோ’ என்று ஏற்றிவிட்ட பாட்டைப் பல்லாயிரம் பேர் தங்கள் ரீலுக்கு எடுத்துப் போட்டாலும், பாடியவர் பெயரில் ராயல்டிக் கணக்கே தொடங்காது. டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் பாட்டைப் பதிந்திருந்தால்தான் கணக்கு.

இந்த வாசல்களை எல்லாம் தாண்டிய பாட்டுக்கு என்ன ஆனது? 2021 மார்ச் 7 அன்று மாஜா நிறுவனத்தின் யூடியூப் பக்கத்தில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளியானது. பாடகி தீ, எழுதிப் பாடிய அறிவு, இசையமைத்த சந்தோஷ் நாராயணன் மூவரின் உழைப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த சொற்கள் அதில் இருக்கின்றன. அந்த வீடியோ 40 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு பைசா கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். மாஜா தரப்பு மறுத்து விளக்கம் கொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்பதை ஒப்பந்தமும் கணக்கும்தான் சொல்ல வேண்டும். ஆனால் சுதந்திர இசையின் மிகப்பெரிய தமிழ் வெற்றிக்கே கணக்கு வழக்கு இப்படி என்றால், திருவொற்றியூரில் முதல் பாட்டை ஏற்றும் இளைஞரிடம் ‘வியூஸ் வந்தால் காசு’ என்று சொல்வது பெரிய அநியாயம்.

பெயர் விஷயத்திலும் இதேதான். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அந்தப் பாட்டின் தொடர்பில் தீயின் படம் வந்தது, அறிவின் படம் வரவில்லை. இரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பிய பிறகு அறிவுக்கும் தனி அட்டை வந்தது. கோடிக்கணக்கானோர் முணுமுணுத்த சொற்களை எழுதியவரின் முகத்துக்கே இப்படி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

வடசென்னைக் கானாக்காரர்கள் இந்த ஏற்பாட்டை வகுப்பு எடுப்பவர்களைவிட நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். அவர்கள் வீடியோக்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சின்ன ஸ்டூடியோ, சுவரில் ஸ்பாஞ்ச், காதில் ஹெட்போன், மைக் முன்னால் கண்ணை மூடிப் பாடும் ஆள். திரையின் கீழே பட்டையாகப் பத்து இலக்க செல் நம்பர், பக்கத்தில் ‘நிகழ்ச்சிகளுக்குத் தொடர்புகொள்ள’. பல வீடியோக்களில் அந்த நம்பர் பாட்டு முடியும்வரை நகர்வதில்லை. வியூஸ் எத்தனை என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். அந்த நம்பருக்கு எத்தனை போன் வருகிறது, எத்தனை அட்வான்ஸ் கைக்கு வருகிறது என்பதுதான் கணக்கு. பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, காரியம், சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானா என்று ஏரியாவுக்குள் வருஷம் பூராவும் மேடை இருக்கிறது. யூடியூப் வருவதற்கு முன்னால் இதே வேலையைக் கேசட் செய்தது. பிறகு செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள், ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்கு புளூடூத்தில் போனது. ஒவ்வொரு காலத்திலும் பதிவு இலவசமாகப் பரவியது, ஆளைக் கூப்பிட்டவர்கள் பணம் கொடுத்தார்கள்.

‘முதல் மூணு செகண்டுல பிடிக்கணும், முப்பது செகண்டுல முடிக்கணும், தினம் ஒண்ணு போடணும்’ என்பது இன்னொரு வேதவாக்கு. எண்ணூரை வைத்து வந்த பாட்டு இதைப் பொய்யாக்கிப் பல வருடம் ஆகிறது. 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ கர்நாடக ராகமாலிகை. பாடியவர் டி.எம். கிருஷ்ணா, எழுதியவர் கபேர் வாசுகி, மெட்டு ஆர்.கே. ஸ்ரீராம்குமார், இயக்கம் ரதீந்திரன் பிரசாத். மூன்று நிமிடத்தைத் தாண்டி நீளும் அதில் நடனம் இல்லை, கொக்கி வரி என்று திட்டமிட்ட சமாச்சாரம் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் முகமூடியோடு நின்று ஒருவர் பாடுகிறார். சென்னைப் பேச்சுமொழியில் ராகம் கேட்டுப் பழகாத சபா ரசிகரும், ராகம் கேட்டுப் பழகாத மீனவரும் அதைப் பகிர்ந்தார்கள்.

காரணம் பாட்டின் பின்னால் நின்ற ஆட்கள். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை நம்பிப் பிழைக்கும் மீனவக் குப்பங்கள் வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்தன. நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்ட சூழலியல் செயல்பாட்டாளர்கள் அவர்களோடு இருந்தார்கள். பாட்டு வெளியான அன்று அதைக் கையில் எடுத்துக்கொள்ள ஒரு கூட்டம் தயாராக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கமல் ஹாசன் எண்ணூர்க் கழிமுகத்தை நேரில் வந்து பார்த்தார். தினம் ஒரு ரீல் போட்டிருந்தால் இந்தக் கவனம் வந்திருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ ராப்பும் அப்படித்தான்: பாதரச ஆலைத் தொழிலாளர்களின் நீண்ட சட்டப் போராட்டத்தின் மேல் ஏறி உலகம் சுற்றியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஆலையின் உரிமையாளரான இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது.

‘எல்லோருக்கும் சம வாய்ப்பு’ என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரு லட்சம் பாட்டுகள் இணையத்தில் ஏறுகின்றன. இசைத் தரவு நிறுவனமான லூமினேட்டின் கணக்குப்படி, 2023-ல் நாலரைக் கோடிப் பாட்டுகளை ஒருவர்கூட ஒரு முறைகூடக் கேட்கவில்லை. திறமை இல்லாததால் அத்தனையும் கேட்கப்படாமல் போயின என்று சொல்ல எவருக்கும் மனம் வருமா?

சேர்த்த கூட்டமும் சொந்தமில்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. ஆங்கிலம் தெரியாமல், நல்ல கேமரா இல்லாமல், குப்பத்து வாசலில் நின்று பாடி ஆடிய பிள்ளைகளுக்கு அதில்தான் ரசிகர்கள் இருந்தார்கள். அந்த ஃபாலோயர் பட்டியலிலிருந்து ஒரு போன் நம்பரைக்கூட அவர்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. திரையில் செல் நம்பர் போட்டவர்களுக்கு இந்த இழப்பு இல்லை.

‘எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நல்லது’ என்பதும் ஆபத்தான பேச்சு. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில், சபரிமலைக் கோயிலில் பெண்கள் நுழைவது பற்றிய விவாதச் சூழலில் இசைவாணி பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாட்டின் துணுக்கு ஆறு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், திடீரென்று சுற்றியது. எப்போது, எந்த மேடையில், எதைக் கேட்டுப் பாடியது என்பதெல்லாம் கழன்றுவிட்டது. அவர் மீது புகார்கள் குவிந்தன, ஆபாச வசவும் மிரட்டலும் அவருடைய போனுக்கே வந்தன. அதுவும் வைரல்தான். அந்த நாட்களில் அவருக்குத் துணையாக நின்றது உடன் பாடியவர்களும் நீலம் அமைப்பும்தான்.

இவ்வளவுக்கும் பிறகு, ‘ஒப்பந்தம், உரிமை எல்லாம் பெரிய ஆளுங்களுக்கு’ என்ற கடைசி வாதம் மிச்சமிருக்கிறது. கானாவுக்குத்தான் அது ரொம்பத் தேவை. பல கானாக்கள் பழைய சினிமா மெட்டில் உட்கார்ந்தவை. அப்படி ஒரு பாட்டு யூடியூபில் ஏறினால், கன்டென்ட் ஐடி என்ற அதன் தானியங்கி ஏற்பாடு அந்த மெட்டை அடையாளம் கண்டு, விளம்பரக் காசைச் சினிமாப் பாட்டின் உரிமையாளருக்குத் திருப்பிவிட முடியும். வரிகள் அத்தனையும் சொந்தமாக இருந்தும் எழுதியவருக்கு ஒன்றுமில்லாமல் போகலாம். சொந்த மெட்டு என்பது இங்கே நேரடியாக வருமானப் பிரச்சினை.

சட்டம் அவர்கள் பக்கமே இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி பெறும் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. வசூலித்துத் தர 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது, சினிமாவுக்கு எழுதாதவர்களும் சேரலாம். யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எத்தனை பங்கு என்று ரெக்கார்டிங் அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் பாதிச் சண்டை வராது. மாநகராட்சியில் 1-வது மண்டலம் திருவொற்றியூர், 5-வது மண்டலம் ராயபுரம். கலை பண்பாட்டுத் துறையும் ஐ.பி.ஆர்.எஸ்.ஸும் அந்த மண்டல அலுவலகங்களில் வந்து உட்கார்ந்து, பாட்டுப் பதிவு முகாம் ஒன்றை ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தினால், வடசென்னைப் பாட்டுக்காரருக்கு ஆயிரம் ரீல்ஸ் டிப்ஸைவிட அது உதவும்.