லோன் எவ்வளவு சார்?

வீட்டைப் பழுதுபார்க்க எஸ்டிமேட் கேட்டால், சுவரைத் தட்டிப் பார்க்கும் முன்பே, "லோன் எவ்வளவு சாங்ஷன் சார்?" என்கிறார்கள். முதல் ஆளிடம் 6 லட்சம் என்று உளறிவிட்டேன். மறுநாள் துண்டுச் சீட்டு வந்தது: "மராமத்து வேலை, மொத்தம் 6 லட்சம்." அடுத்த இருவரிடம் வாயைத் திறக்கவில்லை. 4 லட்சத்து 35, 4 லட்சத்து 10. அதே ஒழுகல், அதே தளம்!

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'தெவி' என்று பெயர். வேலை, அளவு, விலை, தொகை எல்லாம் தனித்தனியாக இருக்கும். ஆபீசிலும் அளவு எழுதாத பில்லை நாங்கள் திருப்பித்தான் அனுப்புவோம். சொந்த வீட்டுக்கு மட்டும் ஏன் லம்ப்சம்? எத்தனை சதுர அடி பூச்சு, எந்த சிமெண்ட், இடித்த கழிவை அள்ளும் கூலி யாருடையது என்று எழுதித் தராதவருக்கு அட்வான்ஸ் எதற்கு? வட்டி கட்டப்போவது அவரா, என் பையனா?

மூன்றாமவர் மட்டும் டேப் எடுத்து அளந்தார். வேலை அவருக்குத்தான்.